கழித்த மடிக்கணினிக் கலங்களிலிருந்து வலுவான ஒரு மின்சூள்

இந்த மின்சூளை (ரோச் லைற்றை) செய்து முடிக்க எனக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன. கையால் செய்த வேலை அதில் ஒன்றரை நாளுக்கு மேல் இராது. மிகுதி நாட்கள், பழைய கலங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதிலும் சோதித்தவற்றை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பதிலும் கழிந்தன. காத்திருக்காமல் ஒரே நாளில் நான் செய்த முதலாவது மின்சூள் பத்து நிமிடம்கூட ஒழுங்காக எரியவில்லை. அதன் எல்.ஈ.டி. நடுப்பகுதியில் கறுத்துப்போயிற்று, மூன்று கலங்களில் ஒன்று கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. எல்.ஈ.டி.யின் சூட்டை வெளியே எடுத்துச் செல்ல ஒரு வழியும், சோதித்துத் தெரிந்தெடுத்த கலங்களும் இருந்தால், எரிந்த பத்தாவது நிமிடத்தில் உள்ள வெளிச்சம் இரண்டாவது மணித்தியாலத்திலும் இருக்கும் என்பதை அதன் பின்னரே கண்டுகொண்டேன். ஆகவே இந்தக் குறிப்பில் அந்த இரண்டு விடயங்களையே விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்து செல்கிறேன்.

கழித்துவிட்ட பொருளிலிருந்து வெளிச்சம் எடுப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டவருக்குப் புதிய பழக்கமல்ல. 1990இன் பின் பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இருக்கவில்லை. உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கில் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்று தாய் தந்தையராக, பேரன் பேர்த்தி கண்டவர்களாக நம்மிடையே இருக்கிறார்கள். அன்று கழிவாகக் கிடைத்தவற்றின் வலு மிகக் குறைவு. இன்று ஒரு திருத்தகத்தின் மூலையில் கிடக்கும் செத்த மடிக்கணினி பற்றறிக்குள், அந்தக் காலத்து ரோச் லைற் ஒன்றைப் பல இரவுகள் எரிக்கப் போதுமான சக்தி இன்னும் மிஞ்சியிருக்கக்கூடும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோதுதான் இந்தக் கலங்களை ஒழுங்காகச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

எனக்கு வேண்டியிருந்தது தொலைவுக்கு ஊசிபோலப் பாயும் வெளிச்சம் அன்று; கோடிப்பக்கக் கதவில் நின்றபடியே கிணற்றடி, வேலிக்கரை, படலைவரைக்கும் நிலத்தை ஒரே பார்வையில் காட்டும் அகன்ற வெளிச்சம். மாரி தொடங்கியதும் புடையனும் சுருட்டை விரியனும் பொந்துகளிலிருந்து மேட்டுக்கு வருகின்றன. கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சம் காட்டும் வட்டத்துக்கு வெளியே கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு துணிச்சலாகவே இருக்கிறது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தத் தேவைக்கு ஏற்பவே அமைந்தவை.

எவற்றைத் தேடுவது

முதலாவது, பழைய மடிக்கணினிகளின் தடித்த பற்றறி. நீளமான உருளை வடிவ விளிம்பு கொண்ட அந்தப் பற்றறிகளுக்குள் பெரும்பாலும் ஆறு கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். மெல்லிய புதிய மடிக்கணினிகளில் தட்டையான, பொதி போன்ற கலங்கள் உள்ளன. அவற்றை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. ஊதிப் பெருத்திருக்கும் எந்தக் கலத்தையும் எந்த வேலைக்கும் எடுக்கக்கூடாது.

இரண்டாவது, பழுதான 10 வாற் வெளிவிளக்கு. படலைத் தூண்களிலும் கடை முகப்புகளிலும் பூட்டப்படும் இந்த விளக்குகளில் பெரும்பாலும் பழுதாவது மின்னோட்டம் வழங்கும் சிறு பெட்டியே, எல்.ஈ.டி. நலமாகவே இருக்கும். ஆனால் இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு சதுர உலோகத் தட்டில் மஞ்சள் நிறப் பரப்பாக, உற்றுப் பார்த்தால் மூன்று வரிசையில் ஒன்பது புள்ளிகள் தெரியும் வகையே எமக்கு வேண்டியது. வெள்ளைத் தட்டு முழுவதும் சிறு சிறு எல்.ஈ.டி.கள் பரவி, அவற்றுக்கிடையே கறுப்புச் சில்லுகளும் பதிந்திருக்கும் மற்ற வகை, 230 வோல்ற் மின்சாரத்தை நேரடியாக அந்தத் தட்டிலேயே வாங்கி எரிவது. அது கலத்தில் எரியாது. வீட்டு மின்சாரத்தில் இணைத்துத் திறந்துவைத்துச் சோதிப்பது உயிராபத்து.

மூன்றாவது, பழைய மேசைக் கணினியின் மத்திய செயலிக்கு மேல் இருக்கும் வட்டமான அலுமினியச் சிறகுக் கட்டை. கடைக்காரர் இதனை ஹீற் சிங் என்பார்கள். நடுவில் தட்டையான முகமும் சுற்றிவரச் சூரியகாந்தி இதழ்போல் விரிந்த சிறகுகளும் கொண்ட இந்தப் பொருள், மின்சூளின் தலைக்கென்றே வார்த்ததுபோல் இருக்கிறது. பழைய இரும்பு எடுப்பவரிடம் நிறைக்குக் கிடைக்கும். அவர் அதனை உருக்கக் கொடுக்குமுன் கேட்டு வைக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு மோட்டார் சைக்கிள் முன்விளக்கில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் தெறிகிண்ணம், 19 வோல்ற் மடிக்கணினி மின்னேற்றி ஒன்று, செயலிழந்த இணைய ரவுற்றரிலிருந்து கழற்றிய வட்ட மின்துளை, கணினி மின்வழங்கியின் ஆளி (சுவிச்), பழைய வானொலியிலிருந்து 2 அல்லது 3 அம்பியர் கண்ணாடி உருகி (பியூஸ்), 50 மில்லிமீற்றர் எஸ்லோன் குழாய்த் துண்டு என்பன போதும். புதிதாக வாங்க வேண்டியவை நான்கு மட்டுமே. மின்னோட்டத்தையும் வோல்ற்றளவையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் எக்ஸ்.எல். 4015 பலகைகள் இரண்டு, மூன்று இலிதியம் கலத் தொடருக்கான காப்புப் பலகை ஒன்று, தனிக்கலம் ஒன்றை மின்னேற்றும் ரீ.பி. 4056 பலகை ஒன்று, வெப்பப் பசை சிறு குழாய் ஒன்று. வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் அளக்கும் பல்மானி (மல்ரிமீற்றர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

பற்றறியை உடைத்தல்

திறந்த இடத்தில், சீமெந்துத் தரையில் இருந்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு இந்த வேலையைச் செய்ய வேண்டும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எதுவும் அணிந்திருக்கக் கூடாது. இலிதியம் கலம் ஒன்றின் இரு முனைகளையும் ஒரு மோதிரம் இணைத்துவிட்டால், விரலிலிருந்து கழற்றுமுன் அது பழுக்கச் சூடேறிவிடும். பிளாத்திக்குக் கூட்டின் ஒட்டு விளிம்பில் மட்டும் தட்டையான கருவியைச் செலுத்தி, உள்ளே குத்தாமல், வெளிநோக்கி நெம்பித் திறக்க வேண்டும். கலத்தின் சுற்றுச்சுவர் முழுவதும் எதிர்முனை என்பதையும், நேர்முனையின் விளிம்பிலிருந்து அதனைப் பிரிப்பது மெல்லிய ஒரு உறை மட்டுமே என்பதையும் ஒரு கணமும் மறக்கக் கூடாது. அந்த உறை கிழிந்த இடத்தில் கத்தியின் நுனி பட்டாலே போதும், தீப்பொறி பறக்கும்.

கலங்களை இணைக்கும் நிக்கல் பட்டிகளைக் கலத்திலிருந்து பிய்க்க வேண்டாம். இரண்டு கலங்களுக்கு நடுவே, ஒரு தடவையில் ஒரு பட்டியை மட்டும் வெட்டி, ஒவ்வொரு கலத்தின் முனையிலும் அரை அங்குலப் பட்டி ஒட்டியபடியே நிற்கவிட வேண்டும். பின்னர் வயரை ஒட்ட ஈயம் வைப்பது அந்தப் பட்டியின் நுனியிலேதான். கலத்தின் முகத்தில் நேரடியாக ஈயக்கோலை அழுத்தினால் உள்ளே இருக்கும் பிரிப்புப் படலம் சூட்டில் பழுதாகும். அந்தப் பழுது அன்றைக்கு வெளியே தெரிவதில்லை. வெட்டியவுடன் நேர்முனையை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். இனிப்பான இரசாயன மணம் வீசும் கலம், துருப்பிடித்த கலம், நசுங்கிய கலம் ஆகியவற்றை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

கலங்களைத் தெரிதல்

பற்றறி ஒன்று செத்துவிட்டது என்று மடிக்கணினி அறிவித்தால் அதிலுள்ள ஆறு கலங்களும் செத்துவிட்டன என்று பொருளாகாது. பொதுவாக இரண்டு இரண்டாகப் பக்கத்தில் பிணைத்த மூன்று சோடிகள் தொடராக நிற்கும்; ஒரு சோடி தளர்ந்தாலே முழுப் பற்றறியும் நின்றுவிடும். மற்ற நான்கு கலங்கள் பாதிக்கு மேற்பட்ட கொள்ளளவோடு உயிருடன் இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

முதலில் பல்மானியால் ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் அளந்து, கலத்தின் உறையிலேயே எழுத வேண்டும். 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தவற்றை மீட்க முயல வேண்டாம். அவ்வளவு இறங்கிய கலத்தினுள் செப்புத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது உள்ளேயே குறுக்கிணைப்பு உண்டாகலாம். 2.5 வோல்ற்றுக்கு மேல் உள்ளவற்றை ரீ.பி. 4056 பலகையில் ஒவ்வொன்றாக மின்னேற்றலாம். 2.9 வோல்ற்றுக்குக் கீழ் உள்ள கலத்துக்கு அந்தப் பலகை முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கொடுக்கும். பின்னர் ஏறத்தாழ 1 அம்பியருக்கு உயர்த்தி, 4.2 வோல்ற்றில் நிறுத்தும். இடையிடையே கலத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு வரலாம், சூடு வரக்கூடாது. சூடேறும் கலத்தை உடனே கழற்றி வெளியே மண்ணில் வைத்துவிட வேண்டும்.

நிறைந்த கலங்களை ஐந்து நாட்களுக்குத் தொடாமல் விட வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். ஐந்தாம் நாள் அளக்கும்போது 4.1 வோல்ற்றுக்கு மேல் நிற்பவை நல்லவை. 4 வோல்ற்றுக்குக் கீழே தானாக இறங்கிய கலம் உள்ளே கசிகிறது. அது தொடரில் சேர்ந்தால் மற்ற இரண்டையும் சமநிலை இழக்கச் செய்யும்.

அதன் பின்பு கொள்ளளவுச் சோதனை. தனிக் கருவி தேவையில்லை. பழைய தொலைக்காட்சிப் பலகையிலிருந்து கழற்றிய 4.7 ஓம், 10 வாற் வெள்ளைச் சீமெந்துத் தடை ஒன்று போதும். நிறைந்த கலத்தின் குறுக்கே அதனை இணைத்த கணத்திலேயே வோல்ற்றளவு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 0.1 வோல்ற் அளவில் விழுந்தால் கலத்தின் அகத்தடை நல்ல நிலையில் இருக்கிறது. கால் வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அந்தக் கலம் கைக்கடிகாரம் ஓட்டலாம், மின்சூள் எரிக்காது. பிறகு 3 வோல்ற்றுக்கு இறங்கும்வரை எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியாக 0.77 அம்பியர் ஓடும் என்பதால், இரண்டரை மணித்தியாலம் நின்ற கலம் ஏறத்தாழ 1900 மில்லிஅம்பியர் மணி கொண்டது எனக் கணக்கிடலாம். தடை நன்றாகச் சுடும். அதனை ஓட்டுத் துண்டின் மேல் வைத்துச் சோதிக்க வேண்டும். முடியும் தறுவாயில் வோல்ற்றளவு வேகமாக இறங்குவதால், இரண்டு மணித்தியாலத்தின் பின் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பன்னிரண்டு கலங்களைச் சோதித்தால், ஒன்றுக்கொன்று நெருங்கிய மூன்றைப் பெரும்பாலும் கண்டெடுக்கலாம். பெரிய கலம் ஒன்றும் சிறிய கலங்கள் இரண்டும் சேர்ந்த தொடரைவிட, சிறியவை மூன்று சேர்ந்த தொடர் பாதுகாப்பானது. தொடரில் முதலில் வெறுமையாகும் கலமே மற்றவற்றின் அழுத்தத்தைத் தாங்கி அழிகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று பத்து வீத வேறுபாட்டுக்குள் இருந்தால் போதும்.

மூன்றையும் சேர்த்தல்

சேர்க்குமுன் மூன்றையும் மறுபடி நிறைய மின்னேற்றி, வோல்ற்றளவுகள் 0.05 வோல்ற்றுக்கு மேல் வேறுபடாதிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். நேர்முனை விளிம்புகளுக்குப் பழைய பற்றறியிலேயே இருந்த கடதாசி வளையங்களை மறுபடி ஒட்டி, மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டலாம். 18.5 மில்லிமீற்றர்க் கலங்கள் மூன்றை அப்படி அடுக்கினால் அவற்றைச் சுற்றும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் ஆகும். 40 மில்லிமீற்றர்க் குழாய்க்குள் அது போகாததும், 50 மில்லிமீற்றர்க் குழாயை நான் கேட்டதும் இதனாலேயே.

முதற்கலத்தின் நேர்முனை இரண்டாவதன் எதிர்முனைக்கும், இரண்டாவதன் நேர்முனை மூன்றாவதன் எதிர்முனைக்கும் செல்லும். காப்புப் பலகையில் 0, 4.2, 8.4, 12.6 என்று நான்கு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். கலத் தொடரின் அடியிலிருந்து மேலேறும் வரிசையில் வயர்களை அவற்றோடு இணைக்க வேண்டும். ஒவ்வொரு வயரையும் ஈயம் வைக்குமுன் அது காட்டும் வோல்ற்றளவை அளந்து, பலகையில் உள்ள இலக்கத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு வயர் மாறினால் பலகை புகைந்துவிடும். வெளிவரும் நேர்முனை வயரிலேயே, கலங்களுக்கு இயன்றவரை அருகில், உருகியை வைக்க வேண்டும். உருகிக்கு முன்னாலுள்ள வயரை எந்தக் காப்பும் காக்காது. ஆகவே அது குட்டையாக இருப்பதே நன்று. இணைத்து முடித்த பின்னும் சில பலகைகள் மின்னைத் தருவதில்லை. மின்னேற்றியை ஒரு தடவை இணைத்தெடுத்தால் அவை விழித்துக்கொள்ளும்.

சூட்டை இறக்குதல்

10 வாற் எல்.ஈ.டி. வாங்கும் மின்சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவே வெளிச்சமாகிறது. மிகுதி அந்த இரண்டு சென்ரிமீற்றர்ச் சதுரத் தட்டின் பின்புறத்தில் வெப்பமாகத் தேங்குகிறது. அந்த வெப்பத்துக்கு வழி இல்லையென்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் உள்ளிருக்கும் சில்லு அழியத் தொடங்கும். அலுமினியக் கட்டையின் தட்டை முகத்தை மெல்லிய அரத்தாளால் ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வைத்துத் தேய்த்து, பழைய பசை முழுவதையும் நீக்கி, மதுசாரத்தால் துடைக்க வேண்டும். வெப்பப் பசை ஒரு பயறு அளவு போதும். அதன் வேலை இரண்டு உலோகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது. தடிப்பாகப் பூசினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகிறது. எனது முதலாவது எல்.ஈ.டி. கறுத்ததற்குக் காரணம் பசையே பூசாமல் இரண்டு திருகாணிகளால் மட்டும் இறுக்கியது. அந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, உலோகத்தோடு உலோகம் உண்மையில் தொட்டிருந்த இடம் ஓரங்களில் இரண்டு கீற்றுகள் மட்டுமே.

எல்.ஈ.டி. தட்டின் மூலைத் துளைகள் வழியே கட்டையில் துளையிட்டுச் சிறு திருகாணிகளால் நான்கு பக்கமும் சமமாக இறுக்க வேண்டும். பிறகு எல்.ஈ.டி.யின் இரு முனைகளுக்கும் கட்டைக்கும் இடையே மின் தொடர்பு இல்லை என்பதைப் பல்மானியால் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்குத் தனிக் காரணம் உண்டு. எக்ஸ்.எல். 4015 பலகை மின்னோட்டத்தை அளப்பது எதிர்முனை வழியிலே என்பதால், எல்.ஈ.டி.யின் எதிர்முனை வேறு வழியாகக் கலத்தின் எதிர்முனையைத் தொட்டால் கட்டுப்பாடு முழுவதும் செயலிழந்துவிடும்.

மின்னோட்டத்தைக் கட்டுதல்

எல்.ஈ.டி.யைக் கலத்தோடு நேரடியாக இணைக்கக் கூடாது. வோல்ற்றளவு சிறிது உயர்ந்தாலே அதனூடாக ஓடும் மின்னோட்டம் பல மடங்காக ஏறும், எல்.ஈ.டி. சூடேற ஏற இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இடையில் நின்று மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பதே எக்ஸ்.எல். 4015 பலகையின் பணி. அதில் பித்தளைத் தலை கொண்ட சிறு திருகுகள் இருக்கும். எல்.ஈ.டி.யை இணைக்காமல், வோல்ற்றளவுத் திருகைத் திருப்பி வெளியீட்டை 11 வோல்ற்றில் வையுங்கள். பிறகு மின்னோட்டத் திருகை முற்றாகக் குறைத்து, பல்மானியை 10 அம்பியர் அளவீட்டில் வெளியீட்டு முனைகளின் குறுக்கே வைத்து, மெதுவாக 0.7 அம்பியருக்கு உயர்த்துங்கள்.

இந்த எல்.ஈ.டி. 0.9 அம்பியர்வரை தாங்கும் என்று விற்பவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் 0.7இல் நிறுத்துவதே என் தீர்ப்பு. கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தில் குறைவு மிகச் சிறிது. வெப்பத்திலோ ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. பழைய பொருளுக்கு அந்தக் கால் பங்கு பெரிய ஆறுதல். இந்த அளவில் எல்.ஈ.டி. ஏறத்தாழ 7 வாற் எடுக்கும். 2000 மில்லிஅம்பியர் மணி கொண்ட மூன்று கலங்கள் தொடராக 22 வாற்மணி அளவு தரும். பலகையில் இழப்பதையும் கழித்துப் பார்த்தால் இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். இரண்டு கலம் போட்டு எரித்த பழைய ரோச் லைற்றின் இழைக்குமிழ் ஒரு வாற்றளவே எடுத்தது, அதிலும் பெரும்பங்கு சூடாகவே போனது என்பதை நினைத்தால், இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

ஒவ்வொரு கலமும் 3.4 வோல்ற் அளவுக்கு இறங்கும்வரை வெளிச்சம் மாறாமல் நிற்கும். அதன்பின் மெல்ல மெல்ல மங்கும். நான் இதனைக் குறையாகக் கருதவில்லை. திடீரென்று அணைந்து இருட்டில் நிறுத்தாமல், வீட்டுக்குத் திரும்பி வர நேரம் கொடுத்து எச்சரிக்கும் விளக்கு அது.

பூட்டியவுடன் பத்து நிமிடம் எரியவிட்டு, அணைத்துவிட்டு, சிறகுகளைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் எல்லாம் சரி. ஓரிரு விநாடியில் கையை இழுக்க நேர்ந்தால் கட்டை சிறிது. மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். சிறகுகள் குளிர்ந்தே இருந்து எல்.ஈ.டி.த் தட்டின் ஓரம் மட்டும் கொதித்தால் தவறு பசையில் இருக்கிறது. கழற்றி மறுபடி பூசுங்கள்.

உடலும் முகமும்

20 சென்ரிமீற்றர் நீளக் குழாய்க்குள் பின்பக்கம் கலங்களும் காப்புப் பலகையும், முன்பக்கம் எக்ஸ்.எல். பலகையும் அமர்ந்துவிடும். அலுமினியக் கட்டையைக் குழாய்க்குள் செருகக் கூடாது. செருகினால் சிறகுகளுக்குக் காற்றுப் படாது, குழாயும் சூட்டில் இளகும். குழாயின் மூடியில் மூன்று நீளத் திருகாணிகளை நிறுத்தி, மூடிக்கும் கட்டைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்குமாறு பூட்ட வேண்டும். வயர்கள் சிறகுகளின் இடுக்கால் செல்லும் இடத்தில் சுருங்கும் குழாய் இட்டு மூடுங்கள்.

தெறிகிண்ணத்தின் அடித்துளையை எல்.ஈ.டி.யின் மஞ்சள் பரப்பு அளவுக்கு அராவி, அந்தப் பரப்பைத் தொடாமல் மட்டுமட்டாகச் சூழுமாறு வைக்க வேண்டும். ஒளி தரும் பரப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் கற்றை ஒடுங்கும் என்பது தெறிப்பின் விதி. இந்த எல்.ஈ.டி.யின் பரப்பு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலம் என்பதால் எந்தக் கிண்ணத்தை வைத்தாலும் கற்றை அகலமாகவே வரும். வளவுக்கு அது பொருத்தம்; கடலில் தொலைவிலுள்ள படகைத் தேட அது உதவாது. இரண்டு வகை எல்.ஈ.டி. கிடைத்தால் நீலம் பாய்ந்த வெள்ளையை விட்டு, சற்று மஞ்சள் கலந்ததை எடுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணிலும் காய்ந்த சருகிலும் மண்ணிறமாகக் கிடக்கும் ஒன்றைப் பிரித்தறிய மஞ்சள் ஒளி எனக்கு உதவுகிறது. மழை பெய்யும்போது கண்ணைக் கூசச் செய்வதும் குறைவு.

கண்ணாடி விளிம்பையும் ஆளித் துளையையும் சிலிக்கன் பசையால் அடைக்க வேண்டும். உப்புக் காற்றுப் படும் குருநகர், பாசையூர்ப் பக்கத்தவர்கள், ஈயம் வைத்த ஒவ்வொரு இணைப்பின் மேலும் நகப்பூச்சு ஒரு தடவை பூசிவிட்டால், செப்பு பச்சை பிடிப்பது நெடுநாள் தள்ளிப்போகும்.

மின்னேற்றமும் பராமரிப்பும்

மடிக்கணினியின் 19 வோல்ற் மின்னேற்றியை மின்சூளோடு நேரடியாக இணைப்பது தீ மூட்டுவதற்குச் சமம். இரண்டாவது எக்ஸ்.எல். 4015 பலகையை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, அதன் வெளியீட்டை முன்சொன்ன முறையிலேயே 12.3 வோல்ற், 0.8 அம்பியர் என்று அமைக்க வேண்டும். முழு அளவான 12.6ஐ வைக்காமல் கலத்துக்கு 4.1 வோல்ற்றில் நிறுத்துவதால் ஒரு தடவையில் எரியும் நேரம் சிறிது குறையும். முதிர்ந்த கலங்களின் ஆயுளோ குறிப்பிடத்தக்க அளவு நீளும். ஒழுங்கும் முக்கியம்: முதலில் மின்னேற்றிக்கு மின் கொடுத்து, பின்னரே மின்சூளை இணைக்க வேண்டும், கழற்றும்போது முதலில் மின்சூளைக் கழற்ற வேண்டும். இல்லையேல் கலத்திலிருந்து மின்னோட்டம் பலகைக்குள் திரும்பிப் பாயும். மூன்று மணித்தியாலம் அளவில் மின்னேற்றம் முடியும். அதனைச் சீமெந்துத் தரையில், ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். படுக்கையிலோ, ஓலை வேய்ந்த கொட்டிலிலோ வேண்டாம்.

மலிவான காப்புப் பலகைகள் பெரும்பாலும் கலங்களைத் தம்முள் சமப்படுத்துவதில்லை. ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் அளந்து, ஒரு கலம் மற்றவற்றைவிட 0.1 வோல்ற்றுக்கு மேல் விலகியிருந்தால் அதனை மாற்றிவிட வேண்டும். வெயில் காலத்தில் நெடுநாள் பாவிக்காமல் வைப்பதாயின் பாதியளவு மின்னோடு நிழலான இடத்தில் வைத்து, ஐப்பசி மழைக்கு முன் நிரப்பிக்கொள்ளலாம். சிறுவர்கள் கையில் கொடுக்கும்போது, எதிரே வருபவரின் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்; அந்த ஒளி பட்டால் ஒரு சைக்கிள்காரருக்குச் சில விநாடிகள் வீதியே தெரியாது.

சோதனையில் தோற்ற கலங்கள் ஒரு சிறு குவியலாகச் சேர்ந்திருக்கும். அவற்றின் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, மணல் நிரப்பிய தகரப் பேணியில் வைத்து, இலத்திரனியல் கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் வளவுகளில் மாலையானால் குப்பையைக் கூட்டி மூலையில் எரிக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குப்பைக்குள் ஒரு கலம்கூடப் போய்விடாதபடி, சோதனை தொடங்கும்போது எத்தனை கலங்கள் இருந்தன என்பதை எழுதிவைத்து, முடியும்போது எண்ணிப் பாருங்கள்.